மூன்று வால்வு, ஒரே ஒரு குமிழ்: 5எஃப்1 கிட்டார் ஆம்ப் கிட் எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாமே ஈயம் வைத்துக் கட்டிக்கொள்ளும் இந்த கிட்டில் நாம் காசு கொடுப்பது இரண்டு டிரான்ஸ்ஃபார்மருக்கும் எல்லாவற்றையும் தாங்கும், துளை போட்டு வரும் இரும்புச் சட்டமான சேஸிஸுக்கும்தான். மற்ற சாமான்களில் பெரும்பாலானவை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை நாள் அலைந்தால் கிடைத்துவிடும். சிலது கிட்டில் வருவதைவிடத் தரமாகவே கிடைக்கும். பவர் டிரான்ஸ்ஃபார்மரைக்கூட அளவு சொன்னால் சுற்றித் தர ஆள் இருக்கிறார்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் வேறு சமாச்சாரம். ஒற்றைப் பவர் வால்வு வைத்த ஆம்பில் அதன் பிரைமரிச் சுற்றில் 40 மில்லி ஆம்பியர் டிசி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்காக அதன் இரும்புக் கருவின் தகடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். விடாமல் அடுக்கினால் கரு காந்தத்தால் நிரம்பிப்போய் கீழ்க்கம்பிகளின் ஓசை நசுங்கிவிடும். ரேடியோவுக்குச் சுற்றிப் பழகியவர் கிடைத்தால் பாக்கியம். எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் கிட்.

5எஃப்1 என்பது ஃபெண்டர் கம்பெனி கலிஃபோர்னியாவில் 1955 வாக்கில் கொண்டுவந்து அறுபதுகளின் முதல் பாதி வரை விற்ற சாம்ப் என்ற சின்ன ஆம்பின் சுற்று. வால்வுகளில் சிக்னலைப் பெருக்க 12ஏஎக்ஸ்7 ஒன்று, பவர் வால்வாக 6வி6 ஒன்று, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக 5ஒய்3 ஒன்று. வெளியே வருவது ஏறக்குறைய 5 வாட். 8 அங்குல ஸ்பீக்கர். டோன் கன்ட்ரோல் கிடையாது, வால்யூம் மட்டும்தான். சர்க்யூட் முழுவதும் ஒரு தாளில் அடங்கிவிடும். ரெசிஸ்டர் கப்பாசிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு உள்ளங்கையில் அள்ளிவிடலாம். இதைக் கிட்டாக விற்பவர்கள் பலர். நான் சொல்வதில் பெரும்பகுதி யாருடைய 5எஃப்1 பெட்டிக்கும் பொருந்தும் என்பதால் என் பெட்டி யாரிடமிருந்து வந்தது என்று இங்கே எழுதவில்லை.

தங்கை மகன் ஹெவி மெட்டல் வாசிக்கிற பையன். பெட்டியைப் பிரித்ததும் அவன் கேட்டது: “என்ன மாமா, ஒரே ஒரு குமிழா? பேஸ், ட்ரெபிள் எல்லாம் எங்கே?” கிட்டாரில் இருக்கும் வால்யூமும் டோனும் எதற்கு இருக்கின்றன என்று அவனிடம் கேட்டேன். இந்த ஆம்பைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்வி போதும். ஆம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் கிட்டாரின் குமிழிலும் விரலிலும் செய்ய வேண்டும். அதில் விருப்பமில்லாதவர்கள் மேலே படிக்காமல் நல்ல டிஜிட்டல் ஆம்ப் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதில் தப்பே இல்லை.

பெட்டிக்குள் வந்தவற்றில் டிரான்ஸ்ஃபார்மர்கள் அருமை. லேமினேஷன் இறுக்கம், அதிர்வே இல்லை, ஒயர்கள் நீளமாக விட்டிருந்தார்கள். சேஸிஸ் குரோம் பூசிய இரும்பு, மேல் பேனலில் பழைய பாணியில் 12 வரை எண் போட்டிருக்கிறது. ஃபைபர் போர்டில் ஈயம் வைப்பதற்கான உலோக வளையங்கள் (ஐலெட்) அடித்து வந்தது. ஒயர் பருத்தி நூல் உறை போட்டது. உறையை வெட்டத் தேவையில்லை, விரலால் பின்னுக்குத் தள்ளி, ஈயம் வைத்துவிட்டு விட்டால் அதுவே முன்னால் வந்து மூடிக்கொள்ளும். அந்த ஒயரில் வேலை செய்வது தனி சுகம். வால்வு சாக்கெட்டுகளும் கெட்டியாக இருந்தன. இதுவரை குறை இல்லை.

குறை ஆரம்பிப்பது ஃப்யூஸில். பையில் இருந்தது 2 ஆம்பியர். அது 120 வோல்ட் நாட்டுக்கே தாராளம். இந்த ஆம்ப் இழுப்பது சுமார் 40 வாட். நம் 230 வோல்ட்டில் அது 0.17 ஆம்பியர். 2 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால், அது உருகுவதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் வாங்கிப் போடுங்கள். பத்து ரூபாய்ச் சாமான் காப்பாற்றப்போவது இந்தப் பெட்டியிலேயே விலை உயர்ந்த பொருளை.

அடுத்தது பிரைமரி ஒயர். பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 120, 220, 240 என்று மூன்று டேப், அதாவது வோல்டேஜுக்கு ஏற்ப இணைக்கும் ஒயர் முனை, இருந்தது. ஐரோப்பாவுக்கு 220, பிரிட்டனுக்கு 240 என்று தாளில் போட்டிருக்கிறார்கள். இந்தியா பற்றிப் பேச்சே இல்லை. நம் ஊரில் 230 என்பது ஏட்டுக் கணக்கு. எங்கள் வீட்டில் இரவு பதினோரு மணிக்கு மேல் மீட்டர் 245 காட்டும். 220 டேப்பில் கொடுத்தால் அப்போது வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். வால்வு ஹீட்டருக்குப் பத்து சதவீதம் வரைதான் ஏற்ற இறக்கம் தாங்கும், அதாவது 6.9. 240 டேப்பில் அதே நேரத்தில் 6.4 வோல்ட். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பயன்படுத்தாத டேப் ஒயர்களை ஒன்றாக முறுக்கிச் சுருட்டி வைக்கக் கூடாது. அவற்றுக்குள்ளும் வோல்டேஜ் இருக்கும். ஒவ்வொன்றின் முனைக்கும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூட வேண்டும்.

கட்டும் வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது ஹீட்டர் ஒயரிங்கில்தான். போர்டில் ஈயம் வைப்பது யார் வேண்டுமானாலும் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடக்கூடியது. ஹீட்டரில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் ஏசி. 6வி6 மட்டும் 0.45 ஆம்பியர் இழுக்கும், 12ஏஎக்ஸ்7 இன்னொரு 0.3. பக்கத்திலேயே சில மில்லி வோல்ட் கிட்டார் சிக்னல் போகிற, வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட் இருக்கிறது. இரண்டு பச்சை ஒயரையும் நெருக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையை ஒட்டியே கொண்டுபோய், சாக்கெட்டுக்கு மேலிருந்து இறக்கி இணைத்தேன். 12ஏஎக்ஸ்7-இல் 4, 5 ஆம் கால்களைச் சேர்த்து ஒரு ஒயர், 9 ஆம் காலுக்கு இன்னொன்று. கடைசிக் கால் அங்குலம் வரை முறுக்கை அவிழ்க்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்றுக்கு நடு டேப் இல்லாததால், இரண்டு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று சேஸிஸுக்கு. இவை கிட்டில் இல்லை. கட்டாயம் போடுங்கள்.

கிட்டில் இல்லாத இன்னொன்று ப்ளீடர். டிசியைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கப்பாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 3 வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால், ஆம்பை அணைத்த அரை நிமிடத்தில் 350 வோல்ட்டும் வடிந்து 50-க்குக் கீழே வந்துவிடும். இல்லையென்றால் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கப்பாசிட்டர் ஆளைத் தூக்கியடிக்கும். எங்கள் பெரியப்பா அயனாவரத்தில் வால்வு ரேடியோ பழுது பார்த்தவர். சின்ன வயதில் அவர் பக்கத்தில் போய் நின்றால் “ஒரு கை டவுசர் பாக்கெட்டுல இருக்கட்டும்டா, அப்புறம் தொடு” என்பார். இரண்டு கையும் சேஸிஸுக்குள் இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பதற்காக. ப்ளீடர் போட்ட பிறகும் நான் மீட்டரை வைத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை. வால்வு ஆம்ப் உள்ளே உயிரை எடுக்கிற வோல்டேஜ் இருக்கிறது. இதைக் கிட் தாளில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வர வேண்டிய விஷயம் அது.

முதல் முறை கரன்ட் கொடுக்கும்போது சீரிஸ் லாம்ப் போர்டு, அதாவது வழியில் ஒரு பல்பைக் கோத்த பலகை, வழியாகத்தான் கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் எல்லோரிடமும் இருக்கும். 60 வாட் குண்டு பல்பு போதும், எல்இடி கூடாது. வால்வு எதுவும் இல்லாமல் போட்டால் பல்பு ஒரு கணம் மின்னி அணைய வேண்டும். வால்வுகளைச் சொருகிப் போட்டால் மங்கலாக எரியும். பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட்டுத் தேட வேண்டும். ஸ்பீக்கரை மாட்டாமல் இந்தச் சோதனை எதையும் செய்யக் கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இனி இந்த கிட்டின் பெரிய குறை. பல்பை எடுத்துவிட்டு வீட்டுக் கரன்டை நேரடியாகக் கொடுத்து அளந்தபோது, 6வி6-க்குள் மின்னோட்டம் நுழையும் முனையான பிளேட்டில் 355 வோல்ட், வெளியேறும் முனையான கேதோடில் 21.5 வோல்ட். கேதோடு ரெசிஸ்டர் 470 ஓம். வகுத்தால் 45.7 மில்லி ஆம்பியர். அதில் ஸ்கிரீன் என்ற இன்னொரு முனைக்குப் போவது 3 மில்லி ஆம்பியர் என்று கழித்துவிட்டு, பிளேட்டுக்கும் கேதோடுக்கும் இடையே உள்ள 333 வோல்ட்டால் பெருக்கினால் 14 வாட் தாண்டுகிறது. 6வி6 வால்வின் பழைய வரம்பு 12 வாட். இன்றைய தயாரிப்புகள் சில 14 தாங்கும், அதுவும் விளிம்பில்தான். இப்படி ஆவதற்குக் காரணம் ரெக்டிஃபையர். பழைய 5ஒய்3 தன்னிடமே நிறைய வோல்டேஜை இழந்துவிட்டுத்தான் வெளியே கொடுக்கும். இன்று வரும் 5ஒய்3 வால்வுகள் சில அவ்வளவு இழப்பதில்லை. சர்க்யூட் ஐம்பதுகளுடையது, வால்வு இந்தக் காலத்தது. நடுவில் இருபது முப்பது வோல்ட் கூடிவிடுகிறது. கிட் தருபவர்கள் அதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

அது மட்டுமில்லை. அந்த 470 ஓம் ரெசிஸ்டர் 1 வாட் தாங்கக்கூடியது. அதில் எரிவது 0.98 வாட். விரல் வைக்க முடியாத சூடு, பக்கத்திலேயே எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். ஆகவே நான் செய்த முதல் மாற்றம்: 680 ஓம், 5 வாட், போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி. இப்போது கேதோடில் 25.5 வோல்ட், பிளேட்டில் எரிவது 11.7 வாட். ரெசிஸ்டரை மாற்றினால் அதன் குறுக்கே உள்ள 25 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரையும் மாற்றியாக வேண்டும். கிட்டில் தருவது 25 வோல்ட் தாங்குவது. 50 வோல்ட் ரகம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஓசைக்கு வருகிறேன். என்னுடையது டெலிகாஸ்டர் மாதிரியான சிங்கிள் காயில் கிட்டார். குமிழ் 4 வரை சுத்தமான, மணி மணியான ஓசை. டோன் கன்ட்ரோல் இல்லாததால் சிக்னல் வழியில் எதுவுமே விழுங்கப்படுவதில்லை, கம்பியில் நகம் படுவதுகூடத் தெரிகிறது. 7-ஐத் தொட்டால் அழுத்தி மீட்டும் சுரம் மட்டும் ஓரம் கிழிந்து வரும், மெல்ல மீட்டினால் மறுபடியும் சுத்தம். இந்த ஒன்றுக்காகத்தான் வால்வு ஆம்ப். சினிமாப் பாட்டுகளில் சரணத்துக்கு முன்னால் வருகிற ஒற்றைக் கிட்டார் வரிகளை இதில் வாசித்தால், மேலே ஏறும் இடத்தில் விரல் அழுத்தத்துக்கு ஏற்றபடி ஓசை தடிக்கிறது. 5 வாட் என்று குறைவாக எடை போடாதீர்கள். 7-இல் வைத்தால் அடுக்குமாடி வீட்டில் கீழ்த்தளம் வரை கேட்கும்.

இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை, கிட்டார்காரர்களுக்கு மட்டும் உதவும் ஒரு வழி. ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட், ஜி சுரம், 98 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் ரெக்டிஃபையருக்குப் பிறகு மிஞ்சும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். ஆம்பின் உறுமல் அந்த ஜி-யோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் குறை ஃபில்டர் கப்பாசிட்டரில். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் ஹீட்டரிலோ எர்த்திலோ. மூல வரைபடத்தில் ஃபில்டர் 16, 8, 8 மைக்ரோ ஃபாரட். நான் 22, 22, 10 போட்டேன், இரைச்சல் நன்றாகக் குறைந்தது. முதல் கப்பாசிட்டரை 47, 100 என்று ஏற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அதை நிரப்ப 5ஒய்3 வழியாகப் பாயும் மின்னோட்டம் கூடி, அந்த வால்வின் ஆயுள் குறையும்.

ஓசையை மாற்றுகிற மாற்றங்களில் இரண்டைத்தான் சிபாரிசு செய்வேன். ஒன்று, 12ஏஎக்ஸ்7-இன் முதல் பெருக்கக் கட்டத்தின் கேதோடு. 5எஃப்1-இல் அங்கே 1.5 கிலோ ஓம் மட்டும்தான், குறுக்கே கப்பாசிட்டர் இல்லை. பலரும் 25 மைக்ரோ ஃபாரட் வைக்கச் சொல்கிறார்கள். வைத்தேன். ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுகிறது, ஆனால் எல்லா அலைவரிசையிலும் கூடுகிறது. 8 அங்குல ஸ்பீக்கரில் ஆறாவது கம்பி கொழகொழவென்று ஆகிவிட்டது. கழற்றிவிட்டு 0.68 மைக்ரோ ஃபாரட் வைத்தேன். இதில் முழு ஏற்றமும் கிடைப்பது 300 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸில் இருப்பதால் அது இருந்தபடியே இருக்கிறது, மேல் நான்கு கம்பிகள் முன்னால் வருகின்றன. இருபது ரூபாய்க்குள் இவ்வளவு வித்தியாசம் தரும் வேறு பொருள் இந்த ஆம்பில் இல்லை. இரண்டையும் முதலைக் கிளிப் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்து, கப்பாசிட்டர் வடிந்த பிறகு மாட்டி.

இன்னொன்று ஃபீட்பேக். ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இரண்டாம் கட்டத்தின் கேதோடுக்குத் திரும்பி வருகிறது. வெளியே போகும் ஓசையில் ஒரு துளியை எதிர்த்திசையில் உள்ளே கொடுத்து ஆம்பைக் கட்டுக்குள் வைப்பது அது. அதைத் துண்டித்தால் ஆம்ப் இன்னும் சத்தமாகிறது, 5-லேயே கிழிய ஆரம்பிக்கிறது, கீழ்க்கம்பி கொஞ்சம் தளர்கிறது. இரண்டும் எனக்கு வேண்டும் என்பதால் ஒரு சின்ன டாகிள் சுவிட்ச் வைத்தேன். பேனலில் புதிதாகத் துளை போடவில்லை. இரண்டு இன்புட் ஜாக்கில் ஒன்றை நான் தொடுவதே இல்லை, அதைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு வாஷர் வைத்துச் சுவிட்சைப் பொருத்தினேன். முதல் முறை போட்டவுடன் ஆம்ப் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம். ஃபீட்பேக் எதிர்த்திசைக்குப் பதில் நேர்த்திசையில் போகிறது என்று அர்த்தம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி ஒயர் இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

வால்வு மாற்றிப் பார்ப்பது ஆசை அடங்காத வேலை. அதில் பணம் போடுவதைவிட, 12ஏஎக்ஸ்7 இடத்தில் சொருகக்கூடிய 5751 வால்வு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100 என்றால் இதற்கு 70. சிக்னலைப் பலமாகத் தரும் ஹம்பக்கர் பிக்கப் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஆம்ப் இன்னும் கொஞ்சம் தூரம் சுத்தமாக இருக்கும். தங்கை மகனின் கிட்டாருக்கு அதுதான் பொருந்தியது. அவனுக்கு வேண்டிய அளவு கிழிந்த ஓசை இதில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அரை மணி நேரம் வாசித்துவிட்டு, “மாமா, இதுல தப்பா வாசிச்சா தப்பாவே கேக்குது” என்றான். அதைவிட நல்ல சான்றிதழ் நான் எழுதித் தர முடியாது.

ஆம்பையும் ஸ்பீக்கரையும் பொருத்தும் மரப்பெட்டி கிட்டோடு வரவில்லை. பைன் மரத்தில் செய்வது வழக்கம். இங்கே பைன் பலகை பேக்கிங் பெட்டி உடைத்த மரமாகத்தான் மலிவாகக் கிடைக்கிறது. காய்ந்த மரம், எடை குறைவு, ஒலிக்கு நல்லது. தெருமுனைத் தச்சரிடம் கொடுத்தேன். மூலைகளில் விரல் கோத்தது போல இணைப்பு வேண்டும் என்று வரைந்து காட்டியதும், “ஆணியே வேண்டாம் சார்” என்று மகிழ்ச்சியாகச் செய்து கொடுத்தார். ஸ்பீக்கர் செலஸ்டியன் எய்ட் 15, 4 ஓம். விலைக்கு மோசமில்லை, மேல்ஸ்தாயியில் கொஞ்சம் கூர்மை அதிகம். உண்மையில் இந்த ஆம்பின் அருமை தெரிவது 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்றில் மாட்டினால்தான். ஓம் கணக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட், கூரியர், சுங்க வரி, ஸ்பீக்கர், மரப்பெட்டி, நான் மாற்றிய சாமான்கள் எல்லாம் சேர்ந்து 55,000 ரூபாயை ஒட்டி வந்தது. அதில் மாற்றங்களுக்கான சாமான் செலவு ஆயிரத்தைத் தொடவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் எடையால் கூரியரே கனமாக அடிக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் அதில் கொஞ்சம் மிச்சமாகும். ஈயம் வைத்துப் பழக்கமே இல்லாதவர்கள் முதலில் ஒரு பெடல் கிட் கட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். 9 வோல்ட்டில் கை பழகிவிட்டு 350-க்கு வருவது நல்லது.

ஃப்யூஸ், கேதோடு ரெசிஸ்டர், ப்ளீடர், ஹீட்டருக்கான 100 ஓம் ஜோடி ஆகிய நான்கையும் அளவுகளோடு விற்றவர்களுக்கு எழுதி அனுப்பினேன். 230 வோல்ட் நாடுகளுக்குப் போகும் பெட்டிகளில் சரியான ஃப்யூஸ் வைப்பதாகப் பதில் வந்தது. மற்ற மூன்றைப் பற்றிப் பேச்சில்லை. எனவே இப்போதைக்கு அவற்றைப் பெட்டி வருவதற்கு முன்பே ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.